ஐயாயிரம் வருஷத்து அங்கிள்

எங்கள் கட்டடத்தில் எனக்கு மேல்மாடியில் இருந்த அங்கிளுக்கு உலகத்தில் எல்லாமே ஐயாயிரம் வருடம். அதற்குக் குறைந்த எதையும் அவர் மதித்ததில்லை. பீட்ஸா என்பது திருப்பிப் போட மறந்த ஊத்தப்பம், ஐயாயிரம் வருடம். பேஸ்பால் என்பது கிட்டிப்புள்ளைப் பணக்காரன் ஆடினால் எப்படி இருக்குமோ அது, ஐயாயிரம் வருடம். ஜெர்சி சிட்டியிலிருந்து மன்ஹாட்டனுக்கு ஹட்சன் ஆற்றின் அடியில் ரயில் போகிறதே, அது நம் ராஜாக்கள் அரண்மனையிலிருந்து கோயிலுக்கு வெட்டிய சுரங்கம். "அவங்க அதுல ரயில் விடலை. அவ்வளவுதான் தம்பி வித்தியாசம்."

அக்டோபரில் வாசல்தோறும் கண்ணும் பல்லும் செதுக்கிய பூசணிக்காய்கள் உட்காரும்போது அவருக்குச் சந்தோஷம் தாங்காது. "திருஷ்டிப் பூசணி! மூஞ்சி போட்டது நாம. உள்ள விளக்கு வெச்சது மட்டும் அவன்."

எனக்கோ தேதிகளில் ஒரு பலவீனம் உண்டு. பிழைப்புக்கு ஒரு வங்கியில் கான்ட்ராக்டர். மற்ற நேரத்தில் எது எப்போது நடந்தது என்று தேடிக்கொண்டிருப்பவன். கல்யாணப் பத்திரிகையில் தமிழ் வருடத்தின் பெயர் தப்பாக இருந்தால் எனக்கு அன்று சாப்பாடு இறங்காது. இப்படிப்பட்டவனுக்கு மேல்மாடியில் அப்படிப்பட்டவர்.

நாங்கள் சந்தித்தது அடித்தளத்துத் துணி துவைக்கும் அறையில். உலர்த்தும் எந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது. நான் கல்வெட்டுகளைப் பற்றிய புத்தகம் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தேன். அவர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"சோழனா?"

"ஆமாம் அங்கிள்."

"எத்தனை வருஷம் இருக்கும்?"

"ஆயிரம்."

அவர் முகத்தில் ஓர் இரக்கம் தோன்றியது. "புதுசா?" என்றார். கீழே விழுந்திருந்த என் காலுறை ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டு, கும்பகோணம் பக்கம் தன் ஊர் என்றும், பாலம் கட்டும் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்றும் சொன்னார். பாலமும் நம்முடையதுதான் என்று சேர்த்துக்கொண்டார். எந்தப் பாலம் என்று நான் கேட்கவில்லை.

நான் திருத்தாமல் இருந்ததில்லை. ஒரு முறை அவர் மனைவி, ஆன்ட்டி, கொடுத்த மிளகாய் பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன். "மிளகாய் நம்ம நாட்டுக்கு வந்து ஐந்நூறு வருஷம்தான் அங்கிள் ஆகுது. கப்பல்ல வந்தது."

"அது திரும்பி வந்த தேதி தம்பி. நம்ம நாட்டுலேர்ந்து போன தேதி உனக்குத் தெரியாது."

இதை நான் எந்தப் புத்தகத்தில் தேடுவது?

கோபம் அவருக்கு வந்து நான் பார்த்ததில்லை. பனி கொட்டிய காலைகளில் தன் காரோடு பக்கத்துக் கார்களின் மேல் இருப்பதையும் வழித்துவிட்டுத்தான் மேலே வருவார். கட்டடத்துக்குப் புதிதாகத் தமிழ்க் குடும்பம் வந்தால் முதல் நாளே ஒரு கிண்ணத்தில் தயிருக்கு உறை கொண்டுபோய்க் கொடுப்பார். "எங்க வீட்டு உறை. அதுக்கு முன்னாடி எங்கம்மா வீட்டு உறை. அதுக்கு முன்னாடி… கணக்குப் போட்டுக்குங்க, ஐயாயிரம் வருஷம்." இந்த ஒன்றை மட்டும் என்னால் மறுக்க முடிந்ததில்லை. தயிரின் தேதியை யார் கண்டார்?

அவரை நிறுத்தக்கூடியவர் உலகத்தில் ஒருவர்தான். ஆன்ட்டி. பேச்சு எந்த நூற்றாண்டில் போய்க்கொண்டிருந்தாலும் "ஏங்க" என்று ஒரு சொல் சொல்வார். அங்கிள் நடுவழியிலேயே நின்றுவிடுவார்.

அவர்களுடைய ஒரே மகள் நிவேதா. தன்னோடு வேலை பார்க்கும் கார்த்தியைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்பினாள். கார்த்தியின் பெற்றோர் காங்கேயம் பக்கம். தேங்காய் எண்ணெய் மில் வைத்திருப்பவர்கள். மகனைப் பார்க்கவும், பெண் வீட்டைப் பார்க்கவும் என்று விசிட்டர் விசாவில் வந்திருந்தார்கள். முதல் விருந்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ரசம் வரைக்கும் நன்றாகத்தான் போனது. மோர் ஊற்றும்போது கார்த்தியின் அப்பா தன் மில்லைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னார்: தாத்தா மாட்டுச் செக்கு வைத்திருந்தது, அப்பா மோட்டார் போட்டது.

"செக்கா?" என்றார் அங்கிள். "செக்கு எங்க பக்கம்தான் முதல்ல வந்தது. எங்க பக்கத்துக்காரன் சொல்லிக் குடுத்துதான் உங்க பக்கம் வந்திருக்கணும். ஐயா—"

"ஏங்க."

"—யிரம் வருஷம்" என்று முடித்துவிட்டார். அன்று ஆன்ட்டி அரை நொடி பிந்திவிட்டார்.

கார்த்தியின் அப்பா, "அப்படிங்களா" என்றார். கொங்கு நாட்டு 'அப்படிங்களா'வில் பல வகை உண்டு. இது கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போடும் வகை. அதற்குப் பிறகு பாயசத்தைப் பற்றிக்கூட அவர் ஒன்றும் சொல்லவில்லை. கல்யாணப் பேச்சும் அதோடு நின்றது. அவர்கள் ஊர் திரும்ப ஒரு வாரம்தான் இருந்தது.

நிவேதா என் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"அண்ணா, சாட்டர்டே அப்பா அவங்களை சிட்டி சுத்திக் காட்டக் கூட்டிட்டுப் போறார். எனக்கும் கார்த்திக்கும் ஆபீஸ்ல சாஃப்ட்வேர் ரிலீஸ் இருக்கு, வர முடியாது. நீங்க ப்ளீஸ் கூடப் போங்க. அப்பா ஐயாயிரம்னு ஆரம்பிச்சா நிறுத்துங்க."

"நான் எப்படிம்மா நிறுத்த முடியும்? நான் தேதி சொன்னா அவருக்கு இன்னும் வேகம் வரும்."

"தேதி சொல்லாதீங்க. வேற ஏதாவது பண்ணுங்க. அங்கிள், அதாவது கார்த்தியோட அப்பா, அன்னிக்கிலேர்ந்து கார்த்திகிட்டகூடச் சரியாப் பேசலை. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா எல்லாம் முடிஞ்சுது."

அது எந்த ஆண்டு என்று இப்போது யோசித்தால், கொரோனாவுக்கு முந்தியது என்பது நிச்சயம். யார் முகத்திலும் கவசம் இல்லை. கொலுப் படியைப் பிரித்து அட்டைப் பெட்டியில் வைத்திருந்தார்கள். வாசல்களில் பூசணிக்காய் ஏறியிருந்தது. ஆகவே அக்டோபரின் பின்பாதி.

ரயிலில் அங்கிள் சமர்த்தாக இருந்தார். ஆற்றின் அடியில் போகும்போது ஒருமுறை வாயைத் திறந்தார், ஆன்ட்டி பார்த்தார், மூடிக்கொண்டார். மன்ஹாட்டனில் இறங்கி உயரமான கட்டடங்களைப் பார்த்தோம். கார்த்தியின் அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மில்லில் மூட்டைகளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அப்போது மழை பிடித்துக்கொண்டது.

கார்த்தியின் அம்மா ஆன்ட்டியின் காதில் ஏதோ சொன்னார். ஆன்ட்டி என்னிடம் வந்தார். "தம்பி, இங்க எங்கயாவது பாத்ரூம் இருக்கா? ரொம்ப நேரமா அடக்கிட்டிருக்காங்க போலிருக்கு." அந்த நகரத்தில் இல்லாதது இல்லை, அது ஒன்றைத் தவிர. நாங்கள் குடையும் இல்லாமல் ஓர் ஓரமாக ஒண்டி நின்றபோது, எதிர்ச் சுவரில் ஆளுயரப் படம் ஒன்று. கல்லில் செதுக்கிய ஒரு பெண். மரக்கிளையைப் பிடித்தபடி இடுப்பை வளைத்து நிற்கிறாள்.

"தம்பி! நம்ம சிலை!" என்றார் அங்கிள். "பார்த்தியா, எடுத்துட்டு வந்து வெச்சிருக்கான்! வாங்க, வாங்க எல்லாரும். மியூசியம். உள்ள பாத்ரூமும் இருக்கும்."

நான் படத்துக்குக் கீழே இருந்த எழுத்தைப் படித்தேன். கலையில் காமத்தின் வரலாறு. அதற்கென்றே ஒரு மியூசியம்.

"அங்கிள், ஒரு நிமிஷம்—"

"நீ தேதி சொல்லாதே."

"தேதி இல்லை அங்கிள், இது வந்து—"

"உள்ள வந்து சொல்லு, எல்லாம் போட்டிருப்பான்."

இத்தனை வருடம் நான் செய்த திருத்தங்களின் பலன் அது. நான் வாயைத் திறந்தாலே நூற்றாண்டைக் குறைக்கப்போகிறேன் என்று அவருக்கு ஆகிவிட்டிருந்தது.

டிக்கெட் கொடுக்கும் பெண், எங்கள் எல்லோருக்கும் பதினெட்டு வயது நிரம்பியதா என்று கேட்டாள். அங்கிள் விழுந்து விழுந்து சிரித்தார். "ஆல் சீனியர் சிட்டிசன்ஸ்!" என்றார், என்னையும் சேர்த்து. கார்த்தியின் அம்மா பாத்ரூமுக்கு ஓடினார். ஆளுக்கொரு காதுக் கருவி நீட்டினார்கள். எண்ணை அழுத்தினால் விளக்கம் சொல்லும். அங்கிள் மட்டும் வாங்கிக்கொண்டார்.

முதல் அறை இருட்டாக இருந்தது. கண்ணாடிப் பெட்டிகளுக்குள் மட்டும் வெளிச்சம். அங்கிள் நேராகப் போய் நின்றார்.

"பானை" என்றார் சத்தமாக. "பானை யாருது? நம்மது. இந்தக் கறுப்பு சிவப்பு வண்ணம் நம்ம ஊர்ல தோண்டுனா கிடைக்கும். இது ஒரு…" வாசிப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டினார். குனிந்தார். பானையில் மூன்று பேர் இருந்தார்கள். மூவரும் மும்முரமாக இருந்தார்கள்.

அங்கிள் கண்ணாடியைக் கழற்றினார். அதை மடித்தார். பையில் போட்டார்.

"கிரேக்கப் பானை" என்றார்.

நான் அவரை அறிந்த காலத்தில் ஒரு பொருளை அவர் வெளிநாட்டுக்காரனுக்கு விட்டுக்கொடுத்தது அதுவே முதல் முறை.

ஆன்ட்டி பக்கத்தில் வந்து பார்த்தார். "ஏங்க" என்றார்.  அங்கிள் காதுக் கருவியைக் காதில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார். காது மடல் சிவந்துகொண்டே போனது.

"என்ன சொல்றான்?" என்று கேட்டார் ஆன்ட்டி.

"மழை இன்னும் நிக்கலையாம்."

கார்த்தியின் அப்பா கைகளைப் பின்னால் கட்டியபடி ஒவ்வொரு பெட்டியாக, ஒன்றையும் தாண்டாமல், பார்த்துக்கொண்டு வந்தார். முகத்தில் எதுவும் தெரியவில்லை. எனக்கு நிவேதாவின் குரல் காதில் ஒலித்தது. எல்லாம் முடிஞ்சுது.

பாத்ரூமிலிருந்து கார்த்தியின் அம்மா வந்தார். ஆன்ட்டி பாய்ந்து போய், "வாங்க, நாம கடைப் பக்கம் போவோம், இங்க ஒண்ணும் இல்லை" என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். ஒரே நிமிடத்தில் இருவரும் திரும்பி வந்தார்கள். ஆன்ட்டி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கடை வேணாம்" என்றார்.

அடுத்தது ஜப்பான் அறை. "ஜப்பான்காரன்" என்றார் அங்கிள், நிற்காமல். அதற்கடுத்தது ரோம். "இத்தாலிக்காரன்." வெளியே போகும் வழி தேடி அவர் வேகமாக நடந்தார், பின்னால் நாங்கள். கடைசியில் வழி கொண்டுபோய் விட்ட அறையில், நடுவில், நல்ல வெளிச்சத்தில், கறுத்த மரப்பலகை ஒன்று இருந்தது. ஒரு முழ நீளம். பார்த்தவுடனே தெரிந்தது: தேர்ச் சிற்பம். ஓர் ஆணும் பெண்ணும். யோகாசனம் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும்.

ஐந்து பேரும் நின்றுவிட்டோம்.

கார்த்தியின் அப்பா அந்த விருந்துக்குப் பிறகு முதல் தடவையாக வாயைத் திறந்தார். "இது நம்முளுதுங்களா?"

"சேச்சே" என்றார் அங்கிள். "நம்மது இல்லைங்க."

"தம்பி, நீங்க படிச்சவரு. அதுல என்னங்க போட்டிருக்குது?"

அங்கிள் என்னைப் பார்த்தார். தேதி விஷயத்தில் என்னை எத்தனையோ முறை பார்த்திருக்கிறார். இப்படிக் கெஞ்சிப் பார்த்ததில்லை. ஆனால் அட்டையில் கொட்டை எழுத்தில் இருக்கிறது.

"தென்னிந்தியான்னு போட்டிருக்கு" என்றேன்.

"ஆந்திராவா இருக்கும்" என்றார் அங்கிள் உடனே.

"ரொம்பப் பழசுங்களா?" என்று கேட்டார் கார்த்தியின் அம்மா.

"பழசா? இதெல்லாம் நேத்து வந்ததுங்க. மிஞ்சிப்போனா இருநூறு, இருநூத்தம்பது வருஷம். அதுக்கு முன்னாடி நம்மகிட்ட இதெல்லாம் கிடையவே கிடையாது."

நான் அட்டையைப் பார்த்தேன். சரியாக அதைத்தான் போட்டிருந்தான். எங்கள் பழக்கத்தில் அங்கிள் சொன்ன ஒரே சரியான தேதி அது. அதைப் பாராட்டவும் முடியாத இடத்தில் வந்து சொல்கிறார்.

கார்த்தியின் அப்பா பின்னால் கட்டிய கைகளைப் பிரித்தார். "அதெப்புடிங்க நம்முளுது இல்லைங்கறீங்க? எங்கூர்த் தேர்ல இருக்குதுங்க இது. இதே மாதிரி. பத்தாவது படிக்கறப்ப நாங்க நாலு பசங்க, தேரு நிலைக்கு வந்ததுக்கப்புறம் கொட்டகைத் தகரத்தை விலக்கிட்டு உள்ள பூந்து பார்ப்போமுங்க. வடக்குப் பக்கம், கீழிருந்து மூணாவது வரிசை. தமிழ் வாத்தியாரு புடிச்சுட்டாரு. காதைத் திருகுன திருகுல ஒரு வாரம் வீங்கிக் கெடந்துச்சு."

"மூணாவது இல்லீங்க" என்றார் கார்த்தியின் அம்மா. "நாலாவது."

 அவர் மனைவியை மெல்லத் திரும்பிப் பார்த்தார். "உனக்கு எப்புடித் தெரியும்?"

"நானும் அந்தூருதானுங்களே. எங்களுக்கு மட்டும் கண்ணு இல்லையா?"

முதலில் சிரித்தது ஆன்ட்டி. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டும் நிற்கவில்லை. கார்த்தியின் அம்மா ஆன்ட்டியின் தோளில் சாய்ந்துவிட்டார். மில்காரர் தலையைக் குனிந்துகொண்டு குலுங்கினார். சிரிக்காமல் நின்றவர் அங்கிள் ஒருவர்தான். அவருக்குள் வேறு ஒன்று நடந்துகொண்டிருந்தது. இன்னோர் ஊர் ஜெயித்துக்கொண்டிருக்கிறது. அவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"தேர்ல என்னங்க பெருசு?" என்று வெடித்தார். "எங்க ஊர்க் கோபுரத்துலயே இருக்கு! முதல் நிலையில! உள்ள நுழையும்போதே தெரியும்! நீங்க தகரத்தை விலக்கணும், நாங்க தலையை நிமிர்த்துனா போதும்!"

"எங்க தேரு ஐந்நூறு வருசமுங்க."

"எங்க கோபுரம் ஆயிரம்!"

"அந்தத் தேருக்கு முன்னாடி அங்க வேற தேரு இருந்துச்சுங்க. அது ரெண்டாயிரம்."

"கோபுரத்துக்கு முன்னாடி செங்கல் கோபுரம். மூவாயிரம்!"

காவலாள் வந்து, சத்தத்தைக் குறைக்குமாறு கேட்டுக்கொண்டார். இருவரும் மன்னிப்புக் கேட்டார்கள். கார்த்தியின் அப்பா குரலைத் தாழ்த்தி, மிகவும் பணிவாகச் சொன்னார்:

"எங்க தேரு ஐயாயிரம் வருசமுங்க."

அங்கிளின் வாய் திறந்தபடி நின்றது. அவருடைய எண்ணை இன்னொருவர் எடுத்துக்கொண்டுவிட்டார். அதற்குமேல் அவரிடம் எண் இல்லை.  பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி தேதி விஷயத்துல பொய் சொல்ல மாட்டான். எத்தனை தடவை என்னையே திருத்தியிருக்கான். நீ சொல்லு. இவங்க ஊர்த் தேர் ஐயாயிரம் வருஷமா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மரம் அத்தனை காலம் தாங்காது. மரத்தேர் எதுவும் சில நூறு வருடத்தைத் தாண்டியதில்லை. இவையெல்லாம் எனக்குத் தெரியும். நாக்கின் நுனியில் இருந்தன. நான் கார்த்தியின் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். தாழ்ப்பாள் விலகியிருந்தது, கதவு பாதி திறந்திருந்தது.

"இருக்கலாம் அங்கிள்" என்றேன். "ஐயாயிரம் இருக்கலாம்."

அங்கிள் என்னை வெகுநேரம் பார்த்தார். துரோகத்தைப் பார்ப்பது போலவும் இருந்தது, நன்றியைப் போலவும் இருந்தது. பிறகு சம்பந்தி பக்கம் திரும்பினார்.

"அப்ப எங்க கோபுரம் ஐயாயிரத்து நூறு."

"அப்படிங்களா!" என்றார் கார்த்தியின் அப்பா. இது வேறு வகை. பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் சொல்வது.

திரும்பும்போது ரயில் ஆற்றின் அடியில் நுழைந்ததும் அவர் கேட்டார்: "தை மாசத்துல வச்சுக்கலாமுங்களா?" அங்கிள் வெளியே சுரங்கத்தின் சுவரைப் பார்த்தார். அவர் தொண்டையில் ஏதோ ஏறி வந்தது எனக்குத் தெரிந்தது. ஆன்ட்டி "ஏங்க" சொல்வதற்கு முன்பே அதை விழுங்கினார்.

"வச்சுக்கலாம்" என்றார்.

கல்யாணம் கார்த்தியின் ஊரில். எனக்கு விசா முத்திரை குத்தும் சிக்கல். நாட்டை விட்டு வெளியே போனால் திரும்ப முடியுமா என்பது சந்தேகம். போகவில்லை. கல்யாணத்துக்கு மறுநாள் அங்கிள் அங்கிருந்து போன் செய்தார். பின்னணியில் யாரோ பந்திக்குப் பாய் உதறிக்கொண்டிருந்தார்கள்.

"தம்பி, சம்பந்தியம்மா சொன்னதுதான் சரி. நாலாவது வரிசை."

"பார்த்தீங்களா?"

"சம்பந்தியே தகரத்தை விலக்கிக் காட்டினாரு. இன்னொண்ணு. கொட்டகைச் செவுத்துல ஒரு கல்லு பதிச்சிருக்கான். தேர் செஞ்ச வருஷம் போட்டிருக்கு போல."

"எந்த வருஷம் அங்கிள்?"

"கண்ணாடியைக் கழட்டிட்டேன்." குரலைத் தாழ்த்தினார். "நீ எப்பவாவது இந்தப் பக்கம் வந்தா, நீயும் படிக்காதே. நல்ல மனுஷங்க தம்பி."

பிறகு அவர்கள் டெக்சாஸில் ரவுண்ட் ராக் என்ற ஊருக்கு, வேலை மாறிய மகள் வீட்டோடு போய்விட்டார்கள். அங்கிருந்தும் போன் வரும். அங்கே விடிய விடியப் புகையில் வாட்டும் கறி நம்முடையது. அடிக்கும் வெயிலும் நம்முடையதுதான், அங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறான். ஒரு வருடம் போன் வரவில்லை. அப்பா போய்விட்டார் என்று நிவேதாதான் கூப்பிட்டுச் சொன்னாள்.

சென்ற முறை ஊருக்குப் போனபோது கார்த்தியின் பெற்றோரைப் பார்க்கப் போனேன். மாலையில் தேர்க் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். வடக்குப் பக்கம், கீழிருந்து எண்ணினேன். நாலாவது வரிசை. எதிர்ச் சுவரில் அந்தக் கல் இருந்தது, பொடி எழுத்தில். இப்போது எனக்கும் கிட்டத்தில் படிக்கக் கண்ணாடி வேண்டும். அதை அவர்கள் வீட்டு மேஜையிலேயே வைத்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தேன்.

"எத்தனை வருசம் இருக்குமுங்க தம்பி?" என்று கேட்டார் கார்த்தியின் அப்பா.

"ஐயாயிரம் இருக்குங்க" என்றேன்.